செயின்ட் ஹெலினா: கடல் நடுவில் ஒரு சிறு ஆட்சிப்பகுதி எப்படி நடக்கிறது?

உலக வரைபடத்தில் அங்கோலாவின் தென்கரையில் விரலை வைத்து நேர் மேற்கே நகர்த்திக்கொண்டே போங்கள். ஏறக்குறைய 1,900 கிலோமீட்டருக்குக் கடலைத் தவிர வேறொன்றும் வராது. அதன் பிறகு ஒரு புள்ளி வரும். பல வரைபடங்களில் அந்தப் புள்ளியைவிட அதன் பெயர்தான் பெரிதாக அச்சாகியிருக்கும். அதுதான் செயின்ட் ஹெலினா. பரப்பு சுமார் 122 சதுர கிலோமீட்டர். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 4,439 பேர். நெப்போலியனைக் கொண்டுபோய் வைத்த தீவு என்றால் பலருக்கும் சட்டென்று நினைவு வரும்.

இந்தத் தீவுக்கு ஆளுநர் உண்டு, முதலமைச்சர் உண்டு, அரசமைப்புச் சட்டம் உண்டு, சொந்த நோட்டும் காசும் உண்டு, தொலைபேசியில் 290 என்று தனிக் குறியீடு உண்டு. ஐக்கிய நாடுகள் அவையில் இருக்கை கிடையாது. சொந்தப் படை கிடையாது. பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பும் உரிமையும் கிடையாது. அன்றாடக் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளும், இறையாண்மை மட்டும் தொலைவிலுள்ள ஒரு நாட்டிடம் இருக்கும். இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குக் 'கடல்கடந்த ஆட்சிப்பகுதி' என்று பெயர். பிரிட்டனிடம் இப்படி 14 இருக்கின்றன. ஜிப்ரால்டர், பெர்முடா, ஃபாக்லாந்து, பிட்கெய்ர்ன் எல்லாம் அந்த வரிசையில் வருபவை. செயின்ட் ஹெலினாவும், அதற்கு வடமேற்கே சுமார் 1,300 கிலோமீட்டரில் இருக்கும் அசென்ஷனும், தெற்கே சுமார் 2,400 கிலோமீட்டரில் இருக்கும் டிரிஸ்டன் டா குன்யாவும் சேர்ந்து ஒரே ஆட்சிப்பகுதியாகக் கணக்கில் வருகின்றன.

நிலம், அரசு, வரவு செலவு என்று மூன்றையும் தனித்தனிப் பாடமாகப் படித்தால் மனதில் தங்காது. தீவுக்கு வரும் வழி எது, அந்த வழியை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் மூன்றும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும்.

மலை, காற்று, தண்ணீர்

செயின்ட் ஹெலினா அணைந்துபோன எரிமலை. கடலடியிலிருந்து 4,000 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் மலையின் உச்சிதான் நாம் தீவு என்று பார்ப்பது. கடல் மட்டத்துக்கு மேலே அதன் உயரம் சுமார் 820 மீட்டர். கரையைச் சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர். மணல் பரந்த கடற்கரையோ, இயற்கைத் துறைமுகமோ இல்லை. படகை ஒட்டி ஆள் இறங்கக்கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தலைநகர் ஜேம்ஸ்டவுன் இரண்டு மலைச்சுவர்களுக்கு இடையிலான ஒடுங்கிய பள்ளத்தாக்கில் செருகி வைத்ததுபோல இருக்கிறது. பக்கவாட்டில் வளர இடமில்லாததால் ஊர் பள்ளத்தாக்கின் வழியே மேல்நோக்கி நீண்டுகொண்டே போகிறது. பக்கத்து மேட்டில் இருந்த கோட்டைக்குச் சாமான் ஏற்ற 1829-ல் மலைச்சரிவில் சாய்வாகத் தண்டவாளம் போட்டு, வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்தார்கள். பிறகு தண்டவாளம் போய்விட்டது, நடுவே இருந்த படிகள் நின்றுவிட்டன. 'ஜேக்கப் ஏணி' என்ற அந்தப் படிக்கட்டில் 699 படிகள், ஏறக்குறைய 180 மீட்டர் உயரம். இன்றைக்கும் அது நடைபாதைதான்.

கரையிலிருந்து தீவின் நடுவுக்குச் சில கிலோமீட்டர்தான். அதற்குள் மூன்று தட்பவெப்பம் மாறிவிடும். கரையோரம் காய்ந்த செம்மண்ணும் கள்ளியும். கொஞ்சம் மேலே புல்வெளியும் தோட்டமும். உச்சியில் எந்நேரமும் மேகம் உரசிக்கொண்டிருக்கும் ஈரக்காடு. தென்கிழக்கு வியாபாரக் காற்று ஆண்டு முழுவதும் கடல் ஈரத்தைச் சுமந்துவந்து இந்த உச்சியில் மோதுகிறது. மர அளவுக்கு வளரும் பெரணிச் செடிகள் அந்த மூடுபனியை இலையில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறக்குகின்றன. தீவின் ஓடைகளுக்கும் குடிநீருக்கும் இதுதான் தாய்மடி. மழைமானி காட்டும் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தீவின் தண்ணீரை மதிப்பிட்டால் தப்பாகிவிடும். மழையாகப் பெய்யாத நீரும் இங்கே கணக்கில் வருகிறது. காடு குறைந்தால் அந்த நீரும் குறையும்.

காடு குறைந்ததற்குக் காரணம் ஆடு. 1502-ல் போர்ச்சுக்கீசியர் தீவைக் கண்டதாகச் சொல்வது வழக்கம். அப்போது அங்கே மனிதர் யாருமில்லை. அடுத்த முறை வரும்போது இறைச்சி வேண்டுமே என்று ஆடுகளை இறக்கிவிட்டுப் போனார்கள். தின்ன விலங்கே இல்லாத தீவில் வளர்ந்த மரங்களுக்கு முள்ளும் தெரியாது, கசப்பும் தெரியாது. ஆடுகள் கன்றுகளை மேய்ந்துவிட, கிழமரங்கள் வாரிசில்லாமல் சாய்ந்தன. உலகில் வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் ஐந்நூறு அளவுக்கு இந்தச் சின்னத் தீவில் உண்டு. தீவுக்கே உரிய ஆலிவ் மரத்தின் கடைசிச் செடி 2003-ல் செத்தது. அதை இனி எந்தப் பணத்தைக் கொடுத்தும் வாங்க முடியாது.

வீடு திரும்பும் வழியில் ஒரு தங்கல்

பாய்மரக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்குப் போகும் கப்பல்கள் செயின்ட் ஹெலினாவைத் தொடுவது கடினம். காற்றை அனுசரித்து அவை பிரேசில் பக்கமாக வளைந்து, தெற்கே இறங்கி, மேலைக்காற்றைப் பிடித்து நன்னம்பிக்கை முனைக்குப் போகும். திரும்பும்போது கதை வேறு. முனையைச் சுற்றியதும் தென்கிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும். அது தள்ளும் பாதையிலேயே தீவு நிற்கிறது. மாதக்கணக்கில் கடலில் கிடந்த கப்பலுக்கு நல்ல தண்ணீர், காய்கறி, இறைச்சி, எலுமிச்சை. அந்தக் கடற்பரப்பில் இவை கிடைக்கிற ஒரே இடம் என்றே சொல்லலாம்.

1633-ல் டச்சுக்காரர்கள் தீவு தங்களுடையது என்றார்கள், ஆனால் குடியேறவில்லை. 1657-ல் ஆலிவர் கிராம்வெல் கொடுத்த பட்டயத்தை வைத்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1659-ல் வந்து கோட்டை கட்டியது. சென்னையில் கோட்டை கட்டிய அதே கம்பெனிதான், நம் ஊரில் 'கும்பினி' என்று பேர் வாங்கியது. மதராஸிலும் கல்கத்தாவிலும் சரக்கேற்றித் திரும்பும் கப்பல்கள் இங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டு போகும். போர்க்காலத்தில் ஒன்றுக்கொன்று காத்திருந்து, கடற்படைப் பாதுகாப்போடு கூட்டாகக் கிளம்பும். நிலத்தைக் கம்பெனியே பங்கிட்டுக் கொடுத்தது. மடகாஸ்கர், இந்தியா, ஆப்பிரிக்கா என்று பல கரைகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தது. பிறகு சீனத் தொழிலாளர்களும் வந்தார்கள். 'செயின்ட்ஸ்' என்று தம்மை அழைத்துக்கொள்ளும் இன்றைய தீவு மக்கள் இவர்கள் எல்லோருடைய கலப்பு.

1815-ல் நெப்போலியனை இங்கே அனுப்பியதற்கும் அதே தூரம்தான் காரணம். தப்பிப் போவதானால் எங்கே போவது? 1821 மே 5-ல் லாங்வுட் இல்லத்தில் இறக்கும்வரை அவரைக் காக்க வந்த படையும் கப்பல்களும் செய்த செலவில் தீவுக்குக் கொஞ்ச காலம் செழிப்பு.

1834-ல் தீவு கம்பெனியிடமிருந்து பிரிட்டன் அரசின் கைக்குப் போனது. கம்பெனி செய்துவந்த செலவு நின்றதும் வறுமை வந்தது. பலர் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்த அடி 1869-ல் விழுந்தது. சூயஸ் கால்வாய் திறந்ததும் இந்தியாவுக்குப் போகும் வழியே இடம் மாறிவிட்டது. நீராவிக் கப்பலுக்கோ வியாபாரக் காற்று தேவையில்லை. 1855-ல் 1,100 கப்பல்கள் வந்த துறைக்கு 1889-ல் வந்தவை 288. தீவில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. 6,000 கிலோமீட்டருக்கு அப்பால் எகிப்தில் வெட்டிய வாய்க்கால் பிழைப்பை எடுத்துக்கொண்டது. சிறு தீவுகளின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தங்கள் வருமானத்துக்கு ஆதாரமான முடிவு எதுவும் தங்கள் கையில் இல்லாத நிலை அது.

ஒரே பயிர், ஒரே வாடிக்கையாளர்

கப்பல் போனபின் வந்தது நார். நியூசிலாந்து ஃபிளாக்ஸ் என்ற செடிக்குக் கத்திபோல நீண்ட, ஆள் உயர இலைகள். கற்றாழை நார் உரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை உடனே விளங்கும். இலையை அறுத்து, கழுதைமேல் கட்டி, ஆலைக்குக் கொண்டுவந்து, இயந்திரத்தில் கொடுத்துச் சதையை நசுக்கி உரித்து, நாரைக் கழுவி, வெயிலில் காயப்போட்டு, சுத்தம் செய்து பொதியாகக் கட்டுவார்கள். அதிலிருந்து கயிறும் சரடும் வரும். 1907-ல் அரசு ஆலை தொடங்கியது. பிறகு தனியார் ஆலைகளும் வர, மேட்டுச் சரிவுகள் எல்லாம் ஃபிளாக்ஸ் ஆனது.

பிரிட்டன் அஞ்சல் துறை தபால் பைகளையும் கட்டுகளையும் கட்ட இந்தச் சரடை வாங்கியது. 1960-களில் செயற்கை இழைக்கு மாறியது. 1966-ல் தீவின் கடைசி ஆலையும் மூடப்பட்டது. ஒரு தபால் சரடு மாறியதற்கு ஒரு தொழிலே போய்விட்டது என்பது கேட்க விசித்திரமாக இருக்கலாம், ஆனால் கணக்கு நேரானது. நார் விலை ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது, தீவிலிருந்து கப்பல் கூலி அதிகம், நைலான் மலிவு. பெரிய வாடிக்கையாளர் விலகியதும் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் இல்லை.

அதன் பிறகு பலரும் பிழைப்புக்கு வெளியே போனார்கள். அசென்ஷனில் உள்ள ராணுவத் தளத்திலும் தகவல் தொடர்பு நிலையங்களிலும், 1982-ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய போருக்குப் பிறகு ஃபாக்லாந்திலும் வேலை கிடைத்தது. அப்பாவோ அம்மாவோ அங்கே சம்பாதிக்க, பிள்ளை இங்கே பாட்டியிடம் வளர்வது தீவில் சாதாரணக் காட்சியானது.

யார் ஆள்கிறார்கள்?

உச்சியில் பிரிட்டன் அரசர். அவர் பெயரில், லண்டனின் ஆலோசனைப்படி நியமிக்கப்படும் ஆளுநர். வெளியுறவு, பாதுகாப்பு, காவல்துறை உள்ளிட்ட உள்நாட்டுப் பாதுகாப்பு, அரசு ஊழியர் நிர்வாகம் போன்றவை ஆளுநரின் தனிப்பொறுப்பு. கல்வி, மருத்துவம், சாலை, வேளாண்மை, வரி என்று மற்றவை தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கையில்.

சட்ட மன்றத்துக்கு மக்கள் 12 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பதவிக்காலம் 4 ஆண்டு. முழுத் தீவும் ஒரே தொகுதி. கட்சி அரசியல் இல்லை, தனி ஆட்களாகத்தான் நிற்கிறார்கள். 2021 வரை குழு முறை இருந்தது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு குழு, உறுப்பினர்கள் பல குழுக்களில் இருப்பார்கள். ஒரு சாலை ஏன் போடப்படவில்லை என்று கேட்டால் குழுவைக் கைகாட்டுவார்கள், பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கமாட்டார். 2021 மார்ச்சில் மக்களிடம் கருத்து கேட்டு, அந்த ஆண்டு அக்டோபர் தேர்தலோடு அமைச்சர் முறைக்கு மாறினார்கள். 12 பேரும் கூடி முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்க, அவர் 4 அமைச்சர்களை எடுத்துக்கொள்வார். ஜூலி தாமஸ் முதல் முதலமைச்சர் ஆனார். அமைச்சர்கள் 5 பேர் என்றால் மீதி 7 பேர். கேள்வி கேட்பவர்கள் எண்ணிக்கையில் எப்போதும் அதிகம் என்பது இந்த அமைப்பின் நல்ல அம்சம்.

2009-ல் வந்த அரசமைப்பு ஆணை, அதுவரை செயின்ட் ஹெலினாவின் 'சார்புப் பகுதிகள்' என்றிருந்த அசென்ஷனையும் டிரிஸ்டனையும் சமமான பங்காளிகளாக்கியது. மூன்றுக்கும் ஆளுநர் ஒருவரே. ஒவ்வொரு தீவுக்கும் தனி மன்றம், தனி வரவு செலவு. வழக்குகளில் கடைசி மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு.

சிறிய இடத்தில் ஆட்சி நடத்துவதில் புத்தகத்தில் வராத சிக்கல்கள் உண்டு. நாலாயிரத்துச் சொச்சம் பேரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. ஒப்பந்தம் கேட்பவர் அமைச்சரின் மைத்துனராக இருப்பது ஊழல் அல்ல, எண்ணிக்கை செய்கிற வேலை. அதனால் யாருக்கு எதில் தொடர்பு என்பதை முன்கூட்டிச் சொல்லி விலகி நிற்கும் நடைமுறை இங்கே பெரிய ஊர்களைவிட முக்கியம். இன்னொன்று ஆள் பற்றாக்குறை. மருத்துவர், கணக்காயர், பொறியாளர் எல்லாப் பணிக்கும் தீவிலேயே ஆள் கிடைப்பதில்லை. வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் கூட்டிவரும்போது அவர்களுக்கு வெளிச்சந்தைச் சம்பளம் கொடுக்க வேண்டும். பக்கத்து மேசையில் இருபது வருடம் வேலை பார்த்த தீவுக்காரருக்கு உள்ளூர்ச் சம்பளம். இந்த இடைவெளி உண்டாக்கும் மனவருத்தம் நியாயமானது.

குடியுரிமை விவகாரத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1981-ல் பிரிட்டன் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தீவு மக்களிடமிருந்து பிரிட்டனில் குடியிருக்கும் உரிமையைப் பறித்தது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கொடியின் கீழ் வாழ்ந்தவர்கள் அந்த நாட்டுக்குள் போய்த் தங்க அனுமதி கேட்க வேண்டி வந்தது. இருபது ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2002-ல் அது திரும்பக் கிடைத்தது. கிடைத்த உரிமையை இளையவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 1998-ல் 5,000-க்கு மேல் இருந்த மக்கள்தொகை 2008-ல் 4,250 அளவுக்கு இறங்கியது. இன்று ஏறக்குறைய நாலில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். உரிமை வந்தது நல்லது, அதற்குக் கொடுத்த விலையும் உண்மை.

பணம் எங்கிருந்து வருகிறது?

அரசுச் செலவில் பெரும்பங்கு பிரிட்டனின் மானியம், ஆண்டுக்கு மூன்று கோடிப் பவுண்டு அளவில். ஆட்சிப்பகுதிகளின் நியாயமான தேவைகளைப் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று பிரிட்டன் ஏற்றிருக்கிறது. மீதி வருமான வரி, சுங்க வரி, கட்டணங்கள். தீவின் மிகப் பெரிய வேலைகொடுப்பவர் அரசுதான். ஒவ்வோர் ஆண்டும் லண்டனோடு பேசி முடிவாகும் தொகை என்பதால் ஐந்து வருடத் திட்டம் போடுவது இவர்களுக்கு எளிதல்ல.

செயின்ட் ஹெலினா பவுண்டு பிரிட்டன் பவுண்டுக்குச் சரிசமம், ஒன்றுக்கு ஒன்று. இதை எப்படி நிலைநிறுத்துகிறார்கள்? தீவு வெளியிடும் ஒவ்வொரு நோட்டுக்கும் ஈடாகப் பிரிட்டன் பவுண்டில் சொத்து வைத்திருக்க வேண்டும். அந்தச் சொத்தில் வரும் வட்டி தீவுக்கு. சொந்த நோட்டு அடிப்பதில் உள்ள லாபம் அதுதான். ஆனால் நெருக்கடி வந்தால் கூடுதலாக நோட்டடித்துச் சமாளிக்க முடியாது, வட்டி விகிதத்தையும் தாமாக நிர்ணயிக்க முடியாது. இந்த நோட்டு அசென்ஷனில் செல்லும், லண்டன் கடையில் செல்லாது. ஊருக்குக் கிளம்பும் பயணி மறக்காமல் மாற்றிக்கொண்டு போக வேண்டும்.

விலைவாசியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சம்பளம் பவுண்டில். கடையில் இருக்கும் சரக்கில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து ராண்டில் வாங்கியது. ஆகவே தீவின் விலைவாசியைத் தீர்மானிப்பவை தென்னாப்பிரிக்காவின் பணவீக்கம், பவுண்டுக்கும் ராண்டுக்கும் உள்ள மாற்று விகிதம், கப்பல் கூலி ஆகியவை. ராண்டு இறங்கினால் ஜேம்ஸ்டவுனில் சமையல் செலவு கொஞ்சம் தணியும்.

சரக்குக் கப்பல் கேப் டவுனிலிருந்து சில வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது. கோதுமை மாவு, டயர், மருந்து, சிமென்ட், வெங்காயம் எல்லாம் அதில்தான். முன்பெல்லாம் கப்பல் தள்ளி நங்கூரமிட, சரக்கைச் சிறு படகில் இறக்கி ஜேம்ஸ் வளைகுடாப் படித்துறைக்குக் கொண்டுவருவார்கள். அலை பெரிதானால் வேலை நின்றுவிடும். இப்போது ரூபர்ட்ஸ் வளைகுடாவில் படகுத்துறை இருக்கிறது. இருந்தாலும் கப்பல் ஒரு வாரம் தாமதித்தால் முதலில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் காய்கறியும் கடையிலிருந்து மறையும். உள்ளூரில் விளைவிக்கலாமே என்று தோன்றும். விளைவிக்கிறார்கள், ஆனால் சமநிலம் குறைவு, தண்ணீர் குறைவு, ஆள் குறைவு. கோடையில் வறட்சி வந்தால் தோட்டத்துக்கு நீர்க் கட்டுப்பாடு முதலில் வரும்.

விற்க என்ன இருக்கிறது? கம்பும் நூலும் வைத்து ஒவ்வொன்றாகப் பிடிக்கும் சூரை மீன். 1733-ல் ஏமனின் மோக்காவிலிருந்து விதை கொண்டுவந்து வளர்த்த காப்பி, பெயர் பெரிது, அளவு மிகச் சிறிது. பிறகு சுற்றுலா. 1832 வாக்கில் பிறந்ததாகக் கணிக்கப்படும் ஜொனாதன் என்ற ஆமை, ஆளுநர் மாளிகைத் தோட்டத்தில் இன்றும் புல் மேய்கிறது. ஆண்டின் முதல் மாதங்களில் திமிங்கிலச் சுறாக்கள் கரையோரம் வரும். ஆனால் சுற்றுலா என்றால் மீண்டும் வழிப் பிரச்சினைதான்.

விமான நிலையமும் காற்றும்

2017 அக்டோபர் வரை தீவுக்கு வர ஒரே முறையான வழி ஆர்.எம்.எஸ். செயின்ட் ஹெலினா என்ற கப்பல். கேப் டவுனிலிருந்து ஐந்து நாள் பயணம். விமான நிலையம் கட்டப் பிரிட்டன் 28.5 கோடிப் பவுண்டு கொடுத்தது. சமதளமான இடம் கிழக்கில் பிராஸ்பரஸ் பே சமவெளி ஒன்றுதான். அதுவும் ஓடுபாதைக்குப் போதாமல், அருகிலிருந்த டிரை கட் என்ற ஆழமான ஓடைப்பள்ளத்தை 80 லட்சம் கன மீட்டர் அளவு பாறை போட்டு நிரப்பினார்கள்.

கட்டுமானத்துக்காக ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கு வழியாகச் சாலை போடும் முன் 2007-08-ல் தொல்லியல் ஆய்வு நடந்தது. 1840 முதல் முப்பது ஆண்டுக்கும் மேலாக, அடிமை வணிகக் கப்பல்களைப் பிரிட்டன் கடற்படை பிடித்து, அதிலிருந்த ஆப்பிரிக்கர்களை இங்கே இறக்கியது, சுமார் 25,000 பேர். நோயும் பட்டினியும் தின்ற நிலையில் வந்தவர்களில் ஏறக்குறைய 8,000 பேர் இந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டார்கள். ஆய்வில் 325 பேரின் எச்சங்கள் வெளிவந்தன. அவற்றை மறுபடி முறையாக அடக்கம் செய்ய 2022 ஆகஸ்டு வரை ஆனது. இத்தனை காலம் அவர்களைப் பெட்டிகளில் வைத்திருந்தது மன்னிக்க முடியாத தாமதம்.

2016 மே மாதம் நிலையம் திறப்பதாக ஏற்பாடு. ஏப்ரலில் போயிங் 737-800 ஒன்று சோதனைக்கு வந்தது. ஓடுபாதையின் வடக்கு முனையை நெருங்கும்போது காற்றின் வேகமும் திசையும் சடாரென்று மாறின. முதல் முயற்சிகளில் இறங்காமல் மேலேறிச் சுற்றி வந்துதான் தரையிறங்க முடிந்தது. காரணம் எளிது. ஓடுபாதை கடலுக்கு மேலே 300 மீட்டர் உயரத்தில், பாறைச் சுவரின் விளிம்பில் இருக்கிறது. வேகமாக வரும் காற்று சுவரில் மோதி மேலே திரும்புகிறது. விளிம்புக்கு உள்ளே அமைதி, ஓரடி தள்ளிப் புயல்.

1836 ஜூலையில் இந்தத் தீவில் சில நாள் தங்கிய சார்லஸ் டார்வின் இதைக் கையாலேயே தொட்டுப் பார்த்திருக்கிறார். உயர்ந்த பாறை விளிம்பில் நின்றார். சில கஜம் எதிரே கடற்பறவைகள் பலத்த காற்றில் தத்தளித்தன, அவர் நின்ற இடத்தில் காற்றே இல்லை. விளிம்புக்கு நெருங்கிக் கையை வெளியே நீட்டியதும் முழு வேகமும் கையில் அடித்தது. கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று இரண்டு கஜ அகலத்தில் நிற்பதுபோல என்று குறித்துவைத்தார். 180 வருடம் கழித்து விமானம் மோதியது அதே வகைச் சுவரில்தான்.

தீர்வு சிறிய விமானம். தென்புறமிருந்து வந்தால் காற்று அத்தனை குழப்பமில்லை. ஆனால் காற்று பின்னாலிருந்து தள்ளும். தள்ளினால் நிற்க அதிகத் தூரம் வேண்டும். ஓடுபாதை நீளாது என்பதால் எடையைக் குறைக்க வேண்டும். அதோடு, இறங்க முடியாமல் போனால் ஆப்பிரிக்கக் கரைக்கே திரும்பும் அளவு எரிபொருளையும் சுமந்துவர வேண்டும், பக்கத்தில் ஒதுங்க வேறு ஊர் இல்லையே. அதனால்தான் நூறு பேர் அளவுக்கு இருக்கை உள்ள எம்பிராயர் 190 விமானம் தொடக்கத்தில் 76 பேரோடு வந்தது, வழியில் நமீபியாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு. 2017 மே மாதம் கப்பல் பழுதாகி மக்கள் சிக்கிக்கொண்டபோது சிறப்பு விமானம் ஒன்று வந்து ஏற்றிப்போனது. முறையான வாராந்திரச் சேவை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 2017 அக்டோபர் 14-ல் தொடங்கியது.

ஐந்து நாள் ஆறு மணி நேரமாகச் சுருங்கியது. அவசரச் சிகிச்சைக்குத் தென்னாப்பிரிக்கா போக வேண்டியவருக்கு இது உயிர். எதிர்பார்த்த சுற்றுலாக் கூட்டம் மட்டும் வரவில்லை. இருக்கை குறைவு, கட்டணம் அதிகம், மூடுபனி வந்தால் விமானம் திரும்பிவிடும். பெருந்தொற்றுக் காலத்தில் அதுவும் நின்றது.

இன்னொரு வழி கடலடியில் வந்தது. போர்ச்சுக்கலிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை போகும் எக்வியானோ இணையக் கேபிளின் கிளை 2021 ஆகஸ்டில் ரூபர்ட்ஸ் வளைகுடாவில் கரையேறியது. 2023 அக்டோபரில் மக்களுக்குச் சேவை வந்தது. அதுவரை முழுத் தீவும் ஒரே செயற்கைக்கோள் இணைப்பைப் பங்கிட்டுக்கொண்டிருந்தது. வெளியூர் மருத்துவரிடம் எக்ஸ்ரே அனுப்புவதும், தீவிலிருந்தே வெளியூர் நிறுவனத்துக்கு வேலை செய்வதும் இப்போது நடக்கிற காரியம். இந்த வழிக்குக் காற்றும் கிடையாது, அலையும் கிடையாது.

மேலே மலையில் வேறொரு வேலை நடக்கிறது. 1966-ல் கைவிட்ட ஃபிளாக்ஸ் செத்துப்போகவில்லை. சரிவுகளில் அடர்ந்து பரவி, மேகக்காட்டின் கடைசித் துண்டுகளை நெருக்குகிறது. அதன் அடியில் வேறு கன்று முளைக்காது. ஒரேயடியாக வெட்டிவிட்டால் செங்குத்துச் சரிவில் மண் சரிந்துவிடும். ஆகவே சிறு சிறு பாத்தியாக வெட்டி, நாற்றங்காலில் வளர்த்த பெரணியையும் 'முட்டைக்கோஸ் மரம்' எனப்படும் உள்ளூர் மரத்தின் கன்றுகளையும் நட்டு, அவை வேர்பிடித்த பிறகு அடுத்த பாத்திக்கு நகர்கிறார்கள். வழுக்கும் சரிவில் இயந்திரம் ஏறாது, எல்லாம் கைவேலை. ஒவ்வொரு பெரணியும் வளர்ந்தால் மூடுபனியில் இன்னும் கொஞ்சம் நீர் பிடிக்கும்.